பேஸ்மேக்கர் பொருத்திய பிறகு நாடித்துடிப்பு ஏன் ஏறி இறங்குகிறது?

இதயத் துடிப்பு மிகவும் குறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் பேஸ்மேக்கர் கருவியைப் பொருத்திக்கொண்டு வீடு திரும்புபவர்கள் முதல் சில வாரங்களில் அதிகம் பயப்படுவது எண்களைப் பார்த்துத்தான். "60-ல் வைத்திருப்பதாகச் சொன்னார்கள், 84 காட்டுகிறதே" என்பார்கள். இன்னும் சிலர், "38 காட்டுகிறது, கருவி நின்றுவிட்டதா?" என்று பதறிப்போய்க் கேட்பார்கள்.

நிமிடத்துக்கு 60 துடிப்பு என்பது கீழ் எல்லை மட்டுமே. ஒரு துடிப்பு முடிந்ததும் கருவி ஒரு விநாடி காத்திருக்கும். அதற்குள் இதயம் தானாகத் துடித்துவிட்டால் சும்மா இருந்துவிடும். துடிக்காவிட்டால்தான் லீட் எனப்படும் கம்பி வழியாகச் சிறு மின்தூண்டலை அனுப்பும். ஆகவே 84 என்பது இதயம் தானே துடித்ததாக இருக்கலாம், அல்லது நடமாட்டத்தை உணர்ந்து கருவி கூட்டியதாகவும் இருக்கலாம். வேகமாக ஓடும் துடிப்பை அடக்குவது சாதாரண பேஸ்மேக்கரின் வேலை இல்லை. அதற்குத் தரும் மாத்திரைகளை, "அதுதான் கருவி வைத்தாயிற்றே" என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

38-க்கு வருவோம். இதயத்தின் கீழ் அறையிலிருந்து சில நேரம் முறை தவறி முன்கூட்டியே ஒரு துடிப்பு வரும். அப்போது அறையில் ரத்தம் முழுதாக நிரம்பியிருக்காது. அதனால் அந்தத் துடிப்பு மணிக்கட்டு வரை எட்டாது. ஆனால் பேஸ்மேக்கர் அதையும் ஒரு துடிப்பாகவே கணக்கில் எடுத்து, அங்கிருந்து மறுபடி ஒரு விநாடி காத்திருக்கும். முறை தவறிய துடிப்பு 0.6 விநாடியில் வந்தது என்றால், கையில் தெரியும் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே 1.6 விநாடி ஆகிவிடும். இப்படியே மாறி மாறி வந்தால் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் பிபி கருவியும் 37, 38 என்றுதான் காட்டும். கருவி பழுதாகவில்லை. உண்மை நிலவரம் இசிஜி எடுத்தால் தெரிந்துவிடும். நாடி பார்க்கும்போது 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்காமல், ஐந்து நிமிடம் அமர்ந்திருந்துவிட்டு ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். குறைந்த நாடியோடு தலைச்சுற்றலோ கண் இருட்டுவதோ இருந்தால் மட்டும் ஆராய்ந்துகொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

பல மாதங்கள் 35, 40 என்று துடித்துக்கொண்டிருந்த இதயம் திடீரென 60-க்கு வந்தால் அந்த வேறுபாடு உடலுக்குத் தெரியத்தான் செய்யும். முக்கியமாக இரவில், இடப்பக்கம் படுத்தால் நெஞ்சில் திம் திம் என்று கேட்கும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் இது பழகிவிடும். பழகாதவர்களுக்கு, தூங்கும் நேரத்தில் மட்டும் துடிப்பு 50 வரை இறங்கும்படி பல மாடல்களில் மாற்றி அமைக்க முடியும். சில கருவிகள் மின்தூண்டல் எவ்வளவு போதும் என்பதை இரவில் தாமாகவே சோதித்துப் பார்க்கும். குறிப்பிட்ட ஒரு நேரத்தில் சில விநாடி மட்டும் துடிப்பு வித்தியாசமாகத் தெரிந்தால், அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு பரிசோதனையின்போது சொல்லுங்கள்.

நடமாட்டத்தை உணரும் சென்சாரைப் பற்றியும் தெரிந்துகொள்வது நல்லது. பல கருவிகள் உடல் அசைவை வைத்தே வேலையின் அளவைக் கணிக்கின்றன. மேடு பள்ளமான சாலையில் வண்டியில் சும்மா உட்கார்ந்து போனாலே துடிப்பு கூடலாம். நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிளில் மார்பு அதிகம் அசையாது. அதனால் துடிப்பு போதிய அளவு ஏறாமல் கால் ஓய்ந்துவிடும். படி ஏறுவதைவிட இறங்கும்போது துடிப்பு கூடுவதும் உண்டு. எல்லாமே சரிசெய்யக்கூடியவை. "நடந்தால் களைப்பு" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "இரண்டாவது மாடி ஏறும்போது மூச்சு வாங்குகிறது, அப்போது நாடி 64" என்று சொன்னால் எந்த செட்டிங்கை மாற்றுவது என்பது கருவியைப் பரிசோதிக்கும் எங்களுக்கு உடனே புரியும்.

மேல் எல்லையும் ஒன்று உண்டு. பெரும்பாலும் 120 அல்லது 130 என்று வைப்பார்கள். மேல் அறையில் ஒன்றும் கீழ் அறையில் ஒன்றுமாக இரண்டு லீட் வைத்த கருவியில், மேல் அறை துடிக்கும் வேகத்தைப் பின்தொடர்ந்து கீழ் அறை துடிக்கும். வேகமாக ஓடும்போது மேல் அறை அந்த எல்லையைத் தாண்டினால் நடுநடுவே துடிப்பு விடுபடும். இன்னும் வேகம் கூடினால் கீழ் அறையின் துடிப்பு ஒரேயடியாகப் பாதியாகிவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருந்தவர் சட்டென்று தள்ளாடி நிற்பார். உடற்பயிற்சி செய்பவர்கள், கருவி பொருத்துவதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

கீழ் அறையில் மட்டும் ஒரு லீட் வைத்தவர்களில் சிலருக்கு, கருவி துடிக்கவைக்கும்போது மேல் அறையும் கீழ் அறையும் தாளம் தப்பிப்போகும். மூடிய வால்வை எதிர்த்து மேல் அறை சுருங்குவதால் கழுத்து ரத்தக்குழாய் துடிக்கும், அசதி, மூச்சிரைப்பு, சில நேரம் பிபி இறங்கித் தலைச்சுற்றல். வயதாகிவிட்டது என்று இதைப் பொறுத்துக்கொண்டே இருப்பவர்கள் நிறைய. தயவுசெய்து பொறுத்துக்கொள்ளாதீர்கள். செட்டிங்கை மாற்றியோ, தேவைப்பட்டால் இன்னொரு லீட் சேர்த்தோ இதைப் போக்கலாம்.

விடாத விக்கலோ, வயிற்றின் மேல்பகுதி துடிப்புக்குத் துடிப்பு வெட்டுவதோ இருந்தால் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானம் என்ற தசையை மின்தூண்டல் தொடுவதாக இருக்கலாம். லீட் நகர்ந்திருக்கவும் கூடும். லீட் இதயச் சுவரில் நன்றாகப் பற்றிக்கொள்ளும் முதல் நான்கு முதல் ஆறு வாரம் வரை அந்தப் பக்க முழங்கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. அதற்காகக் கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள்மூட்டு இறுகிவிடும். தோளுக்குக் கீழே தாராளமாக அசையுங்கள்.

தையல் போட்ட இடம் சிவந்து வீங்கினாலோ, நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ வீட்டில் களிம்பு தடவிப் பார்க்காமல் அன்றே காட்டுங்கள். மயக்கம் போட்டு விழுந்தாலும், உட்கார்ந்திருக்கும்போதே நாடி 120-ல் நின்று இறங்காமல் இருந்தாலும் அவசரம்தான்.

சுமார் மூன்றாவது மாதப் பரிசோதனையைத் தவறவிடவே கூடாது. லீட் பதிந்த இடத்தில் ஆரம்பத்தில் வீக்கம் இருக்கும் என்பதால் மின்தூண்டலைக் கூடுதலாகவே வைத்து அனுப்புவார்கள். வீக்கம் வடிந்தபின் அதைக் குறைத்தால்தான் பேட்டரி நீண்ட நாள் வரும். கருவியின் அடையாள அட்டை, மாத்திரைச் சீட்டு, அறிகுறி வந்த தேதி, நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை இவ்வளவையும் கொண்டுவாருங்கள். பல கருவிகள் நிகழ்வுகளை நேரத்தோடு பதிவுசெய்து வைத்திருக்கும். உங்கள் குறிப்பையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.