ரெஃபரெண்டம்: வாக்கெடுப்பா, தீர்ப்பா, விசாரணையா?

1982 டிசம்பர் 22 அன்று இலங்கையில் கொடுத்த வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரும் இல்லை, வேட்பாளர் பெயரும் இல்லை. இரண்டே சின்னங்கள். ஏற்கிறவர்களுக்கு விளக்கு, மறுக்கிறவர்களுக்குக் குடம். கல்யாண வீட்டு வாசலில் குத்துவிளக்கும் நிறைகுடமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அந்த இரண்டையும் எதிரெதிரே நிறுத்திய நாள் அது. கேள்வி இவ்வளவுதான்: 1977இல் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம், தேர்தலே இல்லாமல் இன்னும் 6 ஆண்டு தொடரலாமா?

இதற்கு ஆங்கிலத்தில் ரெஃபரெண்டம் என்று பெயர். தமிழில் என்ன பெயர் என்று கேட்டால் இலங்கையிலேயே ஒன்றுக்கு இரண்டாகச் சொல்வார்கள். பேச்சிலும் பத்திரிகையிலும் 'சர்வசன வாக்கெடுப்பு'. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியிலோ 'மக்கள் தீர்ப்பு'. தமிழ்நாட்டில் 'பொது வாக்கெடுப்பு' என்பதே வழக்கம்.

முதலில் மூலச் சொல். லத்தீனில் 'ரெ' என்றால் திரும்ப, 'ஃபெர்ரே' என்றால் சுமந்து செல்வது. ரெஃபரெண்டம் என்றால் திரும்பக் கொண்டுபோக வேண்டியது. பழைய சுவிட்சர்லாந்தில் மாநிலப் பிரதிநிதிகள் பொது மன்றத்தில் கூடும்போது, தங்களுக்கு அதிகாரம் தரப்படாத விஷயம் வந்தால், 'ஊருக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்' என்று அதைக் கையோடு எடுத்துப் போவார்கள். அந்தச் சொல்தான் பிற்பாடு மக்களிடமே நேரடியாகக் கேட்பதற்கு ஆகிவந்தது. விளையாட்டு மைதானத்தில் விசில் ஊதும் ரெஃபரியும் இதே வேர்தான். சண்டையை யாரிடம் கொண்டுபோகிறோமோ அவர். ஆக, மூலச் சொல்லில் வாக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. 'இது எங்கள் கையில் இல்லை, அனுப்பியவர்களைக் கேட்க வேண்டும்' என்கிற அடக்கம்தான் இருக்கிறது.

சிங்களத்தில் 'ஜனமத விசாரணய' என்கிறார்கள். ஜனமதம் என்றால் மக்கள் கருத்து, விசாரணய என்பது நம் விசாரணையேதான். ஒரே அரசியலமைப்பு, ஒரே ஏற்பாடு. சிங்களப் பிரதி மக்களை விசாரிக்கிறது, தமிழ்ப் பிரதி மக்களை நீதிபதி ஆசனத்தில் உட்கார வைக்கிறது. மொழிபெயர்த்தவர் இதை யோசித்துத்தான் செய்தாரென்றால் அவருக்கு ஒரு கும்பிடு. இறைமை மக்களுடையது என்கிறது மூன்றாம் உறுப்புரை. சட்டமாக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்தோடு மக்களும் நேரடியாகச் செலுத்தலாம் என்கிறது நான்காவது. அப்படிப் பார்த்தால் 'தீர்ப்பு' பொருத்தமான சொல்தான்.

ஆனால் தமிழ்நாட்டு வாசகர் காதில் அது வேறு மாதிரி விழும். எந்தத் தேர்தல் முடிந்தாலும் வென்றவர் 'மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு' என்பார். தோற்றவர் 'மக்கள் தீர்ப்பை ஏற்கிறோம்' என்பார். அங்கே மக்கள் தீர்ப்பு என்றால் தேர்தல் முடிவு. 'நாட்டில் மக்கள் தீர்ப்பு நடந்தது' என்று எழுதினால் ஏதோ அச்சுப்பிழை என்றே நினைப்பார்கள்.

'சர்வசன வாக்கெடுப்பு' என்பதிலும் ஒரு சிக்கல். 1931இல் டொனமூர் அரசியலமைப்பு வழியாக இலங்கைக்கு வந்தது 'சர்வசன வாக்குரிமை', அதாவது வயதுவந்த ஆண் பெண் எல்லோருக்குமான ஓட்டுரிமை. இரண்டு சொல்லும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நிற்பதால், புதிதாகப் படிக்கிறவர் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்வார். 'கருத்துக்கணிப்பு' என்று போடுவது அதைவிட மோசம். கருத்துக்கணிப்பு என்பது சில ஆயிரம் பேரிடம் கேட்டு எல்லோர் மனத்தையும் ஊகிப்பது. அதன் முடிவு யாரையும் கட்டுப்படுத்தாது. இதுவோ சட்டத்தையே மாற்றும்.

சரி, எதைத்தான் எழுதுவது? என் ஓட்டு 'பொது வாக்கெடுப்பு'க்குத்தான். நடக்கிற காரியத்தை அப்படியே சொல்கிறது, பெருமை பேசவில்லை. 1982இல் நடந்ததைப் பார்த்தால் அந்த அடக்கம் எவ்வளவு தேவை என்று தெரியும். விளக்குக்குச் சுமார் 54.7 சதவீதம், குடத்துக்கு 45.3. யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குடத்துக்குப் போட்டார்கள். தம் பதவி நீடிக்கலாமா என்ற கேள்வியை, பதவியில் இருந்தவர்களே வடித்து, தாங்களே நாளும் குறித்தார்கள். அன்று நடந்த முறைகேடுகளைத் தேர்தல் ஆணையாளரே 1987இல் வந்த தன் அறிக்கையில் எழுதினார். அடுத்த பொதுத் தேர்தல் 1989 பிப்ரவரியில்தான் நடந்தது. இதைத் 'தீர்ப்பு' என்று எழுதக் கை வரவில்லை.

நாடு முழுவதுக்குமாக இலங்கையில் நடந்த பொது வாக்கெடுப்பு அது ஒன்றுதான். அதற்கப்புறம் அந்தச் சொல் பெரும்பாலும் உயர் நீதிமன்றத்தில்தான் கேட்கிறது (இந்தியாவில் உச்ச நீதிமன்றம் என்பதை இலங்கையில் இப்படிச் சொல்வார்கள்). அரசியலமைப்புக்கு ஒரு திருத்தம் வரும். 'இந்தப் பிரிவுக்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மை போதாது, மக்களிடமும் போக வேண்டும்' என்று நீதிமன்றம் சொல்லும். அரசு மக்களிடம் போகாமல் அந்தப் பிரிவைக் கழற்றிவிட்டோ மாற்றி எழுதியோ மிச்சத்தை நிறைவேற்றிக்கொள்ளும். 2015இல் பத்தொன்பதாவது திருத்தத்திலும் இதுதான் நடந்தது.

'மக்கள் தீர்ப்பு' என்ற சொல் கச்சிதமாகப் பொருந்துகிற இடம் ஒன்று எனக்குத் தெரியும். 1987 ஜூலை 29இல் கையெழுத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தம், வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக இணைத்தது. இணைந்தே இருப்பதா என்று 1988 முடிவதற்குள் கிழக்கு மாகாண மக்களிடம் கேட்க வேண்டும். ஜனாதிபதி விரும்பினால் நாளைத் தள்ளிவைக்கலாம். அடுத்தடுத்து வந்த ஜனாதிபதிகள் தள்ளிவைத்துக்கொண்டே போனார்கள். 2006 அக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்பே செல்லாது என்றது. 2007 ஜனவரி 1 முதல் இரண்டும் தனித்தனி மாகாணங்கள். கிழக்கில் ஒருவரிடமும் ஒரு சீட்டும் நீட்டப்படவில்லை. நீதிமன்றச் செய்திகளில் நம் பத்திரிகைகள் வழக்கமாகப் போடும் தலைப்பு அப்படியே இதற்குப் பொருந்தும்: தீர்ப்பு ஒத்திவைப்பு.