புழுக்கமா, அழுகையா?

மே மாதம். வேதாரண்யம் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். அப்பாவையோ அம்மாவையோ இழந்த பிள்ளைகளுக்காக அங்கே மூன்று நாள் முகாம் நடந்தது. நானும் கூடமாட உதவப் போயிருந்தேன். பகல் பதினொன்றரை மணி, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கீழே தரையில் வட்டமாக இருபத்திரண்டு பிள்ளைகள். ஒரு சிறுமி தன் அப்பாவின் சைக்கிளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த பத்து வயதுப் பையன் சட்டென்று எழுந்து வெளியே ஓடிவிட்டான். போய்ப் பார்த்தால் முகமெல்லாம் வியர்வை, நெஞ்சு படபடக்கிறது. "மூச்சு முட்டுதுக்கா" என்றான்.

துக்கம் பொங்கிவிட்டது என்று நாங்கள் எல்லோரும் முடிவுகட்டினோம். ஆலோசகர் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லப் பேச்சுக் கொடுத்தார். பையன் வாயே திறக்கவில்லை. சமையல் செய்துகொண்டிருந்த அம்மா வந்து, அவனை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய், ஒரு செம்பு நீர்மோரைக் குடிக்கவைத்து, முந்தானையால் விசிறினார். கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டான். ஆனால் திரும்ப உள்ளே கூப்பிட்டபோது வர மறுத்தான். "அங்க உக்காந்தா அப்பா நெனப்பு வந்து மூச்சு முட்டுது" என்றான்.

அவன் உடம்பில் நடந்தது என்ன? வெப்பத்தை வெளியேற்ற உடல் தோலுக்கு நிறைய ரத்தத்தை அனுப்புகிறது. அதற்காக இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு கூடுகிறது, வியர்க்கிறது, தலை லேசாகச் சுற்றுகிறது. பயமோ துக்கமோ பொங்கும்போதும் உடம்பு காட்டுவது இதே அடையாளங்களைத்தான். மூளை உள்ளிருந்து வரும் இந்தச் செய்திகளைப் படித்து, அந்த நேரத்தில் கண்ணெதிரே எது இருக்கிறதோ அதன் பெயரை ஒட்டிவிடுகிறது. எதிரே இருந்தது அப்பாவைப் பற்றிய பேச்சு. ஆகவே கூரையின் சூட்டை அப்பாவின் கணக்கில் எழுதிவிட்டது. அடுத்த முறை அப்பாவைப் பற்றி யாராவது கேட்டால், மூச்சு முட்டும் என்று அவன் முன்கூட்டியே பயப்படுவான். எதற்காக முகாம் நடத்தினோமோ, அதற்கு நேர்மாறாக நடந்துவிட்டது.

இத்தகைய முகாம்களின் அச்சு பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்தது. 2002-இல் வாஷிங்டன் மாநிலத்தில் தொடங்கிய கேம்ப் எரின் அதில் பெயர்பெற்றது. வார இறுதியில் மரங்களுக்கு நடுவே மர வீடுகளில் தங்கி, பிள்ளைகள் தங்கள் இழப்பைப் பற்றிப் பேசுவார்கள், விளையாடுவார்கள், ராத்திரி நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார்வார்கள். நாகப்பட்டினத்தில் மே மாத ராத்திரி நெருப்பு மூட்டி உட்காரச் சொன்னால் பிள்ளைகள் நம்மைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். உள்ளே இருக்கும் யோசனை நல்லதுதான். அதைப் புழுக்கமும் புயலும் உள்ள கரைக்கு எப்படிக் கொண்டுவருவது என்பதில்தான் இயற்பியல் நுழைகிறது.

முதலில் வியர்வை. வியர்வை சொட்டினால் உடம்பு குளிராது, ஆவியானால்தான் குளிரும். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் உடம்பு சுமார் 100 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது, அதாவது மணிக்கு 360 கிலோஜூல். கணக்குப்படி மணிக்கு 150 மில்லி வியர்வை உலர்ந்தால் போதும். ஆனால் கடற்கரைக் காற்று ஏற்கெனவே நீராவியால் நிறைந்திருக்கிறது. தோலை ஒட்டிய காற்றும் நனைந்து அப்படியே நின்றுவிட்டால் வியர்வைக்குப் போக இடமில்லை. அந்த நிலைமையைத்தான் புழுக்கம் என்கிறோம்.

இதை அளக்கச் சாதாரண வெப்பமானி போதாது. குமிழில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி வேண்டும். அது காட்டுவது ஈரக்குமிழ் வெப்பநிலை. காற்றின் வெப்பம் 34 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் 29-ஐ ஒட்டி நிற்கும். இது 35-ஐத் தொட்டால் மனித உடல் தாங்காது என்பது பழைய கணக்கு. 2022-இல் வெளியான பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வில், ஆரோக்கியமான இளைஞர்களுக்கே, லேசான வேலை செய்யும்போது, 31-ஐ ஒட்டியே உடல் வெப்பம் கட்டுக்கு மீறி ஏறத் தொடங்கியது. நம் கரைக்கும் அந்த எல்லைக்கும் இடையில் பெரிய தூரம் இல்லை. துக்கத்துக்கோ மன அழுத்தத்துக்கோ மருந்து சாப்பிடும் பெரியவர்களும் முகாமில் இருந்தால் இன்னொரு கவனம் தேவை: அந்த மருந்துகளில் சில வியர்வையையே குறைத்துவிடும்.

அப்புறம் கூரை. நாகப்பட்டினம் நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 11 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். வெயிலின் பெரும்பங்கை வாங்குவது கூரைதான். காய்ந்த கூரை காற்றைச் சூடாக்குவது ஒரு பக்கம். அதைவிட மோசம், அடுப்பு போலக் கதிர்வீச்சாக நேரே தலையில் சூட்டை இறக்குவது. 65 டிகிரிக்குக் காய்ந்த பழைய தகரம், 40 டிகிரியில் இருக்கும் கீற்றுக்கூரையைவிட, சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 வாட் அதிகமாக வீசும். மின்விசிறி போட்டாலும் இந்தக் கதிர்வீச்சு குறையாது. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிய தற்காலிகக் குடியிருப்புகள் பலவற்றுக்குத் தார் பூசிய அட்டையைத்தான் கூரையாகப் போட்டார்கள். 2005 கோடையில் பகலில் அதற்குள் ஆள் இருக்க முடியவில்லை. வீட்டில் சாவு விழுந்த குடும்பங்கள் அந்தச் சூட்டுக்குள்தான் முதல் கோடையைக் கழித்தன.

வேப்பமரமும் புங்கமரமும் ஏன் அவ்வளவு குளுமை? இலைகள் நீரை ஆவியாக்கிக்கொண்டே இருப்பதால் அவை காற்றின் வெப்பத்தைவிட அதிகம் சூடேறுவதில்லை. தலைக்கு மேலே அடுப்பு இல்லை, நான்கு பக்கமும் காற்று. மரம் கிடைக்காவிட்டால் தென்னங்கீற்றுப் பந்தல். அதுவும் இல்லை, தகரந்தான் என்றால் மேலே சுண்ணாம்பு அடித்து, கீழே ஓர் அடி இடைவெளி விட்டு கீற்றைக் கட்டலாம். இதில் இன்னொரு லாபமும் உண்டு. தகரத்தில் மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. அப்பா செத்ததைப் பற்றிப் பேசும் பிள்ளை கத்திப் பேசாது. கீற்றில் மழை பெய்தால் முணுமுணுப்பும் கேட்கும்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் கவனிக்காமல் விட்ட இன்னொன்று ஜன்னல். தரையிலிருந்து மூன்றடி உயரத்தில்தான் அது தொடங்கியது. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்த பிள்ளையின் தலை இரண்டு, இரண்டரை அடியில் இருக்கிறது. கடற்காற்று நன்றாகத்தான் வந்தது, ஆனால் பிள்ளைகளின் தலைக்கு மேலே ஒரு சாண் தள்ளிப் போய் எதிர் ஜன்னல் வழியாக வெளியேறிவிட்டது. நின்றுகொண்டிருந்த எங்களுக்கு ஜிலுஜிலுவென்று இருந்தது. அடுத்த நாள் எல்லோரையும் தாழ்வாரத்துக்கு மாற்றினோம். மூலைத் திண்ணையில் மூன்று பேரும், பெஞ்சில் மீதிப் பேருமாக உட்கார்ந்தார்கள். ஊர்க்காரர்கள் எட்டிப் பார்க்காமல் இருக்க, கீற்றுத் தட்டிகளை ஒன்றுக்கொன்று முன்பின்னாக நிறுத்தினோம். காற்று வளைந்து உள்ளே வந்தது, பார்வை வரவில்லை.

நேரமும் ஒரு கட்டுமானப் பொருள்தான். நெதர்லாந்தில் பணிபுரிந்த மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட் என்ற இரு உளவியலாளர்கள் 1999-இல் ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். இழந்தவர் துக்கத்துக்குள்ளும் அன்றாட வாழ்க்கைக்குள்ளும் மாறிமாறிப் போய்வருகிறார், அந்த ஊசலாட்டம்தான் நலமாகத் துக்கப்படும் வழி என்றார்கள். அழுதுகொண்டிருந்த பிள்ளை பத்து நிமிடத்தில் கபடி ஆடினால் "மறந்துவிட்டான்" என்று பொருள் இல்லை. ஆக, முகாமில் பேச்சும் விளையாட்டும் மாறிமாறி வர வேண்டும். நம் கரையில் இந்த இரண்டையும் காலை ஆறிலிருந்து ஒன்பதரைக்குள்ளும், மாலை நாலரைக்குப் பிறகும் வைப்பதுதான் சரி. நடுப்பகலில் சாப்பாடு, பாய், தூக்கம். கத்திரி வெயில் நாட்களில் மேற்கிலிருந்து நிலக்காற்று பலமாக அடித்தால் கடற்காற்று உள்ளே நுழையவே பிற்பகல் ஆகிவிடும். எப்போது திரும்பும் என்று உள்ளூர் மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ராத்திரி இன்னொரு சிக்கல். தூக்கம் பிடிக்க உடலின் உள்வெப்பம் கொஞ்சம் இறங்க வேண்டும். கை கால் வழியாக வெப்பம் வெளியே போனால்தான் அது நடக்கும். புழுக்கத்தில் அது தடைபடுகிறது, ஆழ்ந்த தூக்கமும் கனவுத் தூக்கமும் குறைகின்றன. சரியாகத் தூங்காத பிள்ளை மறுநாள் சின்ன விஷயத்துக்கும் அழும் அல்லது அடிக்கும். கான்கிரீட் கட்டடம் இதற்கு ஏற்றதல்ல. பகல் முழுக்கக் குடித்த சூட்டை அதன் கூரை சாயங்காலத்துக்கு மேல்தான் உள்ளே இறக்கும். கீற்றுக் கொட்டகை சூரியன் போனதுமே ஆறிவிடும்.

அப்படியானால் எல்லாவற்றையும் கீற்றில் கட்டிவிடலாமே? அங்கேதான் புயல் குறுக்கே வருகிறது. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியில் ஏறும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று, ஒரு சதுர மீட்டரில் சுமார் 70 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். இருபதுக்கு முப்பது அடிப் பந்தலுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய நான்கு டன். கூரை கீழ்நோக்கி நசுங்குவதைவிட மேல்நோக்கிப் பிய்ந்துகொண்டு போவதே அதிகம், ஏனென்றால் மேலே ஓடும் காற்று உறிஞ்சுகிறது, திறந்த பக்கத்தில் நுழைந்த காற்று உள்ளிருந்து தூக்குகிறது. குளுமைக்காகத் திறந்துவைத்த அதே திறப்பு புயலில் எமனாகிவிடும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியும் முன் கஜா கரையேறியபோது தென்னந்தோப்புகளே சாய்ந்தன, கொட்டகைகள் எம்மாத்திரம்?

இரண்டையும் ஒரே கட்டடத்தில் சாதிக்கப் பார்ப்பது வீண் என்பது என் கட்சி. நாள் முழுக்க வாழ ஒரு லேசான பந்தல், புயல் வந்தால் ஒதுங்க நடந்து போகும் தூரத்தில் ஒரு பல்நோக்குப் பேரிடர் பாதுகாப்பு மையம். சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரையோரம் இப்படிப்பட்ட மையங்கள் நிறைய எழுந்திருக்கின்றன. முகாமுக்கு இடம் தேடும்போது அழகான கடற்கரையைத் தேடாமல் இந்த மையத்துக்குப் பக்கத்தில் தேட வேண்டும். கடல் வாரிக்கொண்டு போனவர்களின் பிள்ளைகளுக்கு அலைச்சத்தம் கேட்காத இடம்தான் தூங்குவதற்கும் நல்லது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 72 மணி நேரத்துக்கு முன் கண்காணிப்பு, 48 மணி நேரத்துக்கு முன் உஷார் அறிவிப்பு என்று படிப்படியாகத் தகவல் தரும். முதல் படியிலேயே முகாமைத் தள்ளிவைத்துவிடலாம்.

மாதத் தேர்வு அவ்வளவு சுலபமில்லை. தை கடைசியும் மாசியும் நம் கரைக்கு அருமையான காலம், ஆனால் பள்ளி விடுமுறை மே மாதத்தில். சுனாமி நினைவு நாளான டிசம்பர் 26 புயல் காலத்துக்குள் விழுகிறது. 2011-இல் தானே புயல் கரையேறியதும் டிசம்பர் 30-இல்தான். அதுபோக, 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயலில் சிக்கிய கன்னியாகுமரி மீனவர்களில் பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் இதற்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். காணாமல் போனவர் இறந்ததாகக் கருதப்பட சட்டப்படி வழக்கமாக ஏழு ஆண்டுகள் ஆக வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளையிடம் "இறந்த அப்பாவுக்குக் கடிதம் எழுது" என்று சொல்ல முடியாது. "அப்பாவுக்கு எழுது" என்று சொன்னால் போதும். எழுதவும் ஒட்டவும் எதைக் கொடுப்பது? காகிதம் கடற்கரை ஈரத்தில் நமுத்துப்போகும், பசை ஒட்டாது, மெழுகுவத்தி கடற்காற்றில் நிற்காது. களிமண்ணும் பனையோலையும் நிற்கும்.

கடைசியாக இடி. மின்னலால் இந்தியாவில் ஆண்டுக்கு 2,500 பேருக்கு மேல் சாகிறார்கள். பகலெல்லாம் பாடிப் புகழ்ந்த வேப்பமரம் அப்போது எதிரி, நாலு பக்கமும் திறந்த பந்தலும் பாதுகாப்பில்லை. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது வினாடிக்குக் குறைவாக இருந்தால் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆன பிறகே வெளியே வர வேண்டும். ஒலி மூன்று வினாடியில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் போகும், ஆகவே எண்ணினால் தூரம் தெரிந்துவிடும். முதல் நாளே, வானம் வெளுத்திருந்தபோது, இதை விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்து, மையத்துக்கு வரிசையாக ஒருமுறை நடந்தும் பார்த்திருந்தோம். புயலில் வீட்டை விட்டு இருட்டில் ஓடிய பிள்ளைகளை முன்னறிவிப்பில்லாமல் மறுபடி இருட்டில் ஓடவைத்தால் உடம்பு பழையதையே மறுபடி வாழும். தெரிந்த பாதையில் நடந்தால் அந்தப் பயம் அவ்வளவு கிளம்பாது.

இரண்டாம் நாள் சாயங்காலம் இடி வந்தது. எல்லோரும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினோம். மோர் குடித்த பையன் என் பக்கத்தில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினான். முதலில் ஒன்பது. "மூணு கிலோமீட்டருக்கா." அப்புறம் பதினைந்து. அப்புறம் இருபத்தி நாலு. நடுவில், நான் எதுவும் கேட்காமலே, அவன் அப்பா படகில் இருந்தபடி இதே மாதிரி எண்ணுவார் என்றான். முப்பத்தி ஆறு வந்ததும் எழுந்து கதவைத் திறக்கப் போனார்கள். அவன் என் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் அரை மணி நேரம் இருக்கு, உக்காருங்கடா" என்றான்.