பின் சந்தின் அகலம் என்ன?

வடசென்னையில் பழைய வீட்டைப் பழுதுபார்க்கக் கூப்பிட்டால் நான் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பேன். புளியந்தோப்பு, பட்டாளம், சூளைப் பக்கம் இன்னும் சில வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் இருக்கிறது. தேக்கு விட்டங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, சுண்ணாம்புக் காரையில் கட்டிய தளம் அது. பெரும்பாலும் இரண்டு குடும்பங்களுக்கு நடுவே ஒரே சுவர்தான். அஸ்திவாரமும் செங்கல்தான், அதுவும் ஆழமில்லை. அக்கம்பக்கத்து மண் அசையாத வரைக்கும் நூறு வருஷம் நிற்கும். அசைந்தால் ஒரு மழைக்காலம் போதும்.

சில வருஷங்களுக்கு முன் அப்படி ஒரு வீட்டுக்குப் போனேன். பின்சுவரில் விரல் நுழையும் விரிசல். சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய மனை. கீழ்த்தளத்துக்காகத் தோண்டி, ராவும் பகலும் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள். களிமண் கலந்த நிலத்தில் ஒரு இடத்தில் நீரை உறிஞ்சினால் சுற்றுவட்டத்து மண்ணும் அமுங்கும்; ஆழமில்லாத அஸ்திவாரம் கூடவே இறங்கும். அங்கிருந்த பொறியாளரிடம் கேட்டேன். "பழைய விரிசல் சார் அது" என்றார். இல்லை என்று காட்ட வீட்டுக்கார அம்மாவிடம் எதுவுமில்லை. விரிசல் இல்லாத சுவரை யார் படம் எடுத்து வைப்பார்கள்?

இப்படிப்பட்ட வீடுகளை ஒட்டிய பெருமனையில் எவ்வளவு உயரம் கட்டலாம் என்பதுதான் என் கேள்வி. இந்தப் பகுதியின் வயதைச் சொல்லாமல் அந்த உயரத்தைப் பற்றிப் பேச முடியாது. பக்கிங்ஹாம், கர்னாடிக் என்ற இரண்டு மில்களும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெரம்பூர்ப் பக்கம் வந்தன. காக்கித் துணிக்குப் பேர்போன மில்கள். 1918 ஏப்ரல் 27 அன்று இங்கேதான் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் கூட நின்றவர்கள். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். 1921இன் நீண்ட வேலைநிறுத்தமும், அதையொட்டிப் புளியந்தோப்பில் சாதியாகப் பிளந்து நடந்த கலவரமும் இந்தத் தெருக்களில்தான். மில் மூடிய பிறகு கொஞ்ச காலம் அங்கே சினிமா ஷூட்டிங் நடந்தது. இப்போது அடுக்குமாடிக் கோபுரங்கள்.

(மேலே சொன்ன விரிசல் வீடு அந்த மில் நிலத்தை ஒட்டியதல்ல. வேறு இடம்.)

கோபுரம் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த உயரத்தை எதை வைத்து அனுமதிக்கிறோம் என்பதில்தான் எனக்குச் சங்கடம். நம் விதிகளில் தெரு முழுவதற்கும் பொதுவான உயர வரம்பு என்று எதுவும் கிடையாது. 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயர்மாடிக் கட்டடம். அதற்கு முன் அந்தக் கோடு 15.25 மீட்டரில் இருந்தது. உயர்மாடிக் கட்டடத்துக்குச் சுற்றிலும் குறைந்தது 7 மீட்டர் இடம் விட வேண்டும். மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்பதைச் சொல்வது தளப்பரப்புக் குறியீடு, அதாவது எஃப்.எஸ்.ஐ. மனைக்கு முன்னால் 18 மீட்டர் சாலை இருந்தால் அது 3.25. பணம் கட்டி பிரீமியம் வாங்கினால் 4.87 வரை போகலாம். ஒரு கிரவுண்ட், இரண்டு கிரவுண்ட் வைத்திருப்பவர் சுற்றிலும் 7 மீட்டர் விட்டால் நடுவில் மிச்சமே இருக்காது. அதனால் வானம் கிடைப்பது பழைய மில், குடோன், பட்டறை நிலங்களுக்குத்தான்.

அந்த நிலங்களின் முன்பக்கம் பஸ் போகிற சாலை. பின்பக்கம்? எதிரே ஆட்டோ வந்தால் சைக்கிள்காரர் திண்ணையில் ஏறி நிற்க வேண்டிய சந்து. உயரத்தை முடிவு செய்வது முன்சாலையின் அகலம். அந்தக் கட்டடத்தின் நிழலும் தண்ணீரும் விழுவது பின் சந்தில்.

நிழலைக் கணக்குப் போட்டே காட்டலாம். சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் உச்சி வேளையில்கூட சூரியன் 53 டிகிரி அளவுக்குத்தான் ஏறும். 60 மீட்டர் கட்டடத்தின் நிழல் அப்போது வடக்கே சுமார் 44 மீட்டர் நீளும். காலை எட்டு மணி வாக்கில் 150 மீட்டரைத் தாண்டும். ‘நம்ம ஊரில் நிழல் நல்லதுதானே’ என்பார்கள். சித்திரையில் நல்லதுதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய சுண்ணாம்புச் சுவர் காய வேண்டியது மார்கழி, தை வெயிலில். அந்த வெயில் போனால் சுவர் உப்புப் பூக்கும், காரை உதிரும், விட்டத்தின் முனை உளுக்கும்.

தண்ணீர் இன்னும் மோசம். புளியந்தோப்பு தாழ்வான பகுதி; ‘ஓட்டேரி நல்லா’ என்கிற கால்வாய் நிறைந்தால் தெருவில் தண்ணீர் நிற்கும். பக்கத்துப் பெருமனையை மூன்றடி நிரப்பி உயர்த்தினால் அதுவரை அங்கே தங்கிய மழைநீர் சந்துக்குத்தான் இறங்கும். மாடிகளை எல்லாரும் எண்ணுகிறோம். நிரப்பிய மண்ணை யாரும் எண்ணுவதில்லை.

இதற்கு ‘இந்தப் பகுதியில் யாருமே உயர்த்திக் கட்டாதே’ என்று தடை போடுவது தீர்வல்ல. முதல் அடி விழுவது, பையனுக்குக் கல்யாணமாகி மொட்டைமாடியில் ஒரு அறை எழுப்ப நினைக்கும் குடும்பத்தின் மேல். நான் கேட்பது சின்ன விஷயம்: பெருமனையின் உயரம் பின் எல்லையை நெருங்க நெருங்கப் படிப்படியாக இறங்கட்டும், பின் சந்தின் அகலமும் கணக்கில் வரட்டும். நம் பாரம்பரியப் பட்டியல்களும் தனித்தனிக் கட்டடங்களைத்தான் பார்க்கின்றன. தொழிலாளர் தெரு ஒன்றைத் தெருவாகவே பார்க்கும் பழக்கம் நமக்கு இன்னும் வரவில்லை.

விதி மாறும்வரை உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள். பக்கத்தில் தகரத் தடுப்பு அடித்த அன்றே, அறை அறையாக எல்லாச் சுவரையும் படம் எடுங்கள். அன்றைய செய்தித்தாளும் படத்தில் தெரியட்டும். மனை வாசலில் அனுமதி எண், தளங்களின் எண்ணிக்கை எழுதிய பலகை இருக்கிறதா பாருங்கள்; அனுமதித்த வரைபடத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். தோண்டுவதற்கு முன் இரு தரப்பும் சேர்ந்து வீட்டின் நிலையைப் பதிவு செய்து கையெழுத்திடச் சொல்லிக் கேளுங்கள். நல்ல ஒப்பந்ததாரர் மறுக்கமாட்டார். அது அவருக்கும் பாதுகாப்பு.

அந்த அம்மாவின் வீட்டு விரிசலுக்குக் குறுக்கே, மூன்று இடத்தில் மெல்லிய கண்ணாடித் துண்டுகளைச் சாந்து வைத்து ஒட்டி, தேதி எழுதிவிட்டு வந்தேன். விரிசல் வளர்ந்தால் கண்ணாடி உடையும். இரண்டு மாதம் கழித்து போன் வந்தது.

"தம்பி, நடுவுல ஒட்டுனது ஒடஞ்சிப் போச்சிப்பா. எடுத்துப் போட்டுறட்டா?"

"தொடாதீங்கம்மா, அப்படியே இருக்கட்டும். நான் படம் எடுக்க வர்றேன்."