எந்தக் கையால் ஆடுகிறாய், எந்த முழங்கால் வலிக்கிறது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிசியோதெரபி மையம் நடத்தும் நான், முழங்காலைப் பிடித்துக்கொண்டு வரும் ஷட்டில் பிள்ளைகளிடம் முதலில் இரண்டு கேள்விகளைக் கேட்பது வழக்கம்: மட்டையை எந்தக் கையில் பிடிக்கிறாய், வலிப்பது எந்தக் கால்? இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால், காலைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே என்ன நடந்திருக்கும் என்பதைப் பாதியளவு ஊகித்துவிடலாம். (எங்கள் பக்கத்தில் பூப்பந்து என்றால் மஞ்சள் கம்பளிப் பந்தில் ஆடும் பால் பேட்மின்டனைத்தான் நினைப்பார்கள், இறகுப்பந்து என்று எழுதினாலும் வாயில் வருவது ஷட்டில்தான். ஆகவே நானும் அப்படியே எழுதுகிறேன்.)

வலக்கை ஆட்டக்காரி ஒருத்தி, வலையை ஒட்டி விழும் டிராப்பை எடுக்க வலக்காலை நீட்டிப் பாய்ந்து ஊன்றுகிறாள். குதிகால் தரையில் பட்ட கணத்தில் உடலின் வேகம் முழுவதையும் நிறுத்த வேண்டிய பொறுப்பு, முழங்கால் சில்லுக்குக் கீழே கயிறு போலத் தடவிப் பார்க்கக்கூடிய தசைநாண் மீது விழுகிறது. ஒரு ஆட்டத்தில் எத்தனை டிராப்போ அத்தனை முறையும் இது நடப்பதால், மட்டை பிடிக்கும் பக்கத்து முழங்காலில் வலி மெல்ல மெல்ல, வாரக்கணக்கில் வளர்கிறது. மற்றக் காலின் கதை வேறு. எதிராளி இடது பின்மூலைக்குப் பந்தை உயரத் தூக்கும்போது, பேக்ஹேண்டில் (புறங்கை முன்னே வர) அடித்தால் வேகம் வராது என்பதற்காக, அவள் உடலை இடப்பக்கம் வளைத்து, மட்டையைத் தலையைச் சுற்றிக் கொண்டுவந்து அடித்துவிட்டு, இடக்கால் ஒன்றிலேயே தரையிறங்குகிறாள். அப்போது பாதம் தரையைப் பற்றியிருக்க, உடல் வெளிப்புறம் சாய, முழங்கால் உள்நோக்கி மடங்கினால், மூட்டின் நடுவே குறுக்காக ஓடும் ஏ.சி.எல். என்ற தசைநார் ஒரே கணத்தில் அறுந்துபோகலாம். யாரும் இடிக்க வேண்டியதில்லை, கீழே விழவும் வேண்டியதில்லை. ஷட்டிலில் ஏ.சி.எல். அறுந்தவர்களை ஆராய்ந்தபோதும், மட்டை பிடிக்காத பக்கத்துக் காலில் இப்படி ஒற்றையாகத் தரையிறங்கிய தருணமே அதிகம் காணப்பட்டிருக்கிறது.

உலகின் முன்னணிப் பெண்கள் ஒற்றையர் ஆட்டக்காரர்களைப் பார்த்தால் இந்த இரு கதைகளும் அப்படியே தெரிகின்றன. ஸ்பெயினின் கரோலினா மரின் இடக்கை ஆட்டக்காரர். 2016 ரியோ ஒலிம்பிக் இறுதியில் நம் சிந்துவை வென்று தங்கம் வாங்கியவர் என்பதால் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2019 ஜனவரியில் இந்தோனேசிய மாஸ்டர்ஸ் இறுதிப் போட்டியில் சாய்னா நேவாலுக்கு எதிராக 10-4 என முன்னிலையில் இருந்தபோது, குதித்து இறங்கிய வலக்காலில் அவருக்கு ஏ.சி.எல். அறுந்தது, மட்டை பிடிக்காத பக்கத்துக் கால். 2021இல் டோக்கியோவுக்குச் சில வாரங்களே இருக்கையில் இடது முழங்காலும் அதே போல் போனது. 2024 பாரிஸ் அரையிறுதியில் சீனாவின் ஹே பிங்ஜியாவுக்கு எதிராக முதல் ஆட்டத்தை 21-14 என வென்று, இரண்டாவதிலும் முன்னிலையில் இருக்கும்போது, வலது முழங்கால் மீண்டும் கைவிட்டது. பட்டை கட்டிக்கொண்டு திரும்பி வந்து ஓரிரு புள்ளிகள் ஆடிப் பார்த்துவிட்டு அவர் தரையில் மண்டியிட்டு அழுததைத் தொலைக்காட்சியில் பார்த்த பெற்றோர் பலர், மறுநாளே தங்கள் மகள்களை என்னிடம் அழைத்து வந்தார்கள். வெள்ளி வாங்கிய ஹே பிங்ஜியாவ், பதக்க மேடையில் ஸ்பெயினின் சின்னத்தைக் கையில் ஏந்தி நின்றார்.

லண்டனில் தங்கம் வாங்கிய சீனாவின் லீ ஷுவேருய், 2016 ரியோ அரையிறுதியில் மரினுக்கு எதிராக ஆடும்போது இடது முழங்காலை இழந்தார். அவர் வலக்கை ஆட்டக்காரர். வெண்கலப் போட்டிக்கு வர முடியாததால், ஜப்பானின் நொஸோமி ஒகுஹாரா ஆடாமலே பதக்கம் பெற்றார். அதற்கு நான்காண்டுகள் முன்பு லண்டனில் சாய்னாவுக்கு வெண்கலம் கிடைத்ததும், எதிரே ஆடிய வாங் ஷின் முதல் ஆட்டத்தை வென்ற பிறகு முழங்கால் வலியால் விலகியதால்தான். சாய்னாவின் முழங்கால்களும் தப்பவில்லை: 2016இல் வலது முழங்காலில் அறுவைச் சிகிச்சை, பிறகு மூட்டுத் தேய்மானம், 2024இல் அவரே அதை வெளிப்படையாகச் சொன்னார்.

முதல் வகை வலிக்கு எடுத்துக்காட்டு தென் கொரியாவின் ஆன் சே-யங். 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டின் இறுதியில், சென் யூஃபேய்க்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே வலது முழங்கால் வலி தாளாமல் நின்று, கட்டுப் போட்டுக்கொண்டு ஆடி, 21-18, 17-21, 21-8 என வென்றார். பிற்பாடு பார்த்ததில் தசைநாணில் ஒரு பகுதி கிழிந்திருந்தது. அந்த முழங்காலோடு பாரிஸில் தங்கமும் வாங்கினார். வாங்கிய கையோடு, தன் காயத்தைத் தேசிய அணியை நடத்துவோர் இலேசாக எடுத்துக்கொண்டது பற்றி வெளிப்படையாகப் பேசினார். உலகத்தின் முதல் நிலை ஆட்டக்காரிக்கே "உன் வலி பெரிதில்லை" என்று சொல்லப்பட்டிருக்கிறது என்றால், பண்ருட்டியிலிருந்து பேருந்தில் வரும் பிள்ளைக்கு என்ன சொல்லப்பட்டிருக்கும்?

அப்படி வந்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 15, வலக்கை ஆட்டம், இடது முழங்கால். உளுந்து மாவும் முட்டை வெள்ளைக்கருவும் பூசிய துணிக்கட்டு, அட்டை போலக் காய்ந்து தொடையின் நடுவிலிருந்து கெண்டைக்கால் வரை இறுகியிருந்தது. கட்டுப் போட்டு 16 நாள். கத்தரிக்கோல் வைத்து வெட்டப் பத்து நிமிடம் ஆனது. உள்ளே தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. நாடா வைத்து அளந்தால் இடத்தொடை வலத்தொடையைவிட இரண்டரை சென்டிமீட்டர் இளைத்திருந்தது. காலை முழுவதும் நீட்ட முடியவில்லை.

"பாப்பாவுக்கு வெறும் சுளுக்குத்தாம்மா, கட்டுனா சரியாப் போயிடும்னாங்க" என்றார் கூட வந்த பாட்டி.

"விழுந்தப்போ ஏதாவது சத்தம் கேட்டுச்சாடா?"

"பட்டுன்னு கேட்டுது மேடம். மட்டைதான் உடஞ்சிடுச்சோன்னு பாத்தேன்."

"வீக்கம் எப்ப வந்துச்சு?"

"வீட்டுக்கு வர்றதுக்குள்ளயே பூசணிக்கா மாதிரி ஆயிடுச்சும்மா" என்றார் பாட்டியே.

இந்த இரண்டு விடைகளுமே போதும். சாதாரணச் சுளுக்கில் வீக்கம் மறுநாள்தான் மெல்லத் தலைகாட்டும். இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் மூட்டு உருண்டையாக வீங்கினால், உள்ளே இரத்தம் கசிகிறது என்று பொருள், அதிலும் 'பட்'டென்ற சத்தத்தோடு வந்தால் ஏ.சி.எல். அறுந்திருக்குமோ என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தொடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முழங்காலுக்குக் கீழே மறு கையால் முன்னோக்கி இழுத்தால், நல்ல மூட்டில் கயிறு விறைத்து நின்றதைப் போல ஒரு தடை கையில் தெரியும். அந்தப் பிள்ளையின் வலக்காலில் அது தெரிந்தது. இடக்காலில், மேசையின் இழுப்பறை போல எலும்பு நழுவி வந்துகொண்டே இருந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் ஏ.சி.எல். முழுதாகவும், அதனருகே மூட்டுக்கு மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸ் ஓரமாகவும் கிழிந்திருந்தன.

எனக்கு இதில் வருத்தம், கட்டுப் போட்டவர்மேல் மட்டும் இல்லை. அடிபட்ட மூன்றாம் நாள் அவள் பயிற்சிக்குப் போயிருக்கிறாள். வீக்கம் சற்று வடிந்திருந்ததால், மெதுவாக ஆடிப் பார் என்று சொல்லியிருக்கிறார்கள். பக்கவாட்டில் நகர்ந்தபோது முழங்கால் "கழன்ற மாதிரி" ஆகி விழுந்திருக்கிறாள். மெனிஸ்கஸ் அன்றைக்குத்தான் கிழிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். தடுத்திருக்கக்கூடிய காயம் அந்த இரண்டாவதுதான்.

ஆகவே ஒன்றைத் திட்டமாகச் சொல்லிவிடுகிறேன்: சத்தமும் உடனடி வீக்கமும் இருந்தால் அன்றைக்கே ஆட்டத்தை நிறுத்தி, துணியில் சுற்றிய ஐஸை 15, 20 நிமிடம் வைத்து, காலை உயர்த்திப் படுக்க வைத்து, எலும்பு மூட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். எண்ணெய் போட்டு உருவக் கூடாது, இழுத்துச் சுளுக்கு எடுக்கக் கூடாது. எக்ஸ்ரேயில் எலும்பு முறியவில்லை என்று வந்துவிட்டால் நிம்மதி அடைந்துவிடுவது இங்கே வழக்கமாக இருக்கிறது. எக்ஸ்ரேயில் தசைநார் தெரியாது. கடலூரிலிருந்து பாண்டிச்சேரிக்கு இருபது சொச்சம் கிலோமீட்டர்தான், அங்கே ஜிப்மர் இருக்கிறது. பரிசோதனைக்கு வழியில்லாத ஊரில் நாம் இல்லை.

இது ஏன் பெண் பிள்ளைகளுக்கு அதிகம் வருகிறது? ஓடித் திரும்பி நிற்கும் விளையாட்டுகளில், ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏ.சி.எல். அறுவது பல மடங்கு அதிகம் என்பது பல காலமாகத் தெரிந்த செய்தி. இடுப்பின் அகலம், 12 வயதுக்கு மேல் எலும்பு சட்டென்று வளரும்போது தசைவலு அதே வேகத்தில் வளராமை, தரையிறங்கும்போது தொடையின் முன்தசையே முந்திக்கொண்டு பின்தசை சும்மா இருப்பது என்று காரணங்கள் பல. எங்கள் ஊர்க் காரணம் ஒன்றையும் நான் சேர்த்துக்கொள்வேன். ஆண் பிள்ளைகள் சில்வர் பீச் மணலிலும் தெருவிலும் ஓடிக் குதித்து வளர்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்குப் பெரியவளானதும் அந்த ஓட்டம் வீட்டாரால் நிறுத்தப்பட்டு, ஷட்டில் கோர்ட்டில் மட்டும் குதிக்க அனுமதி கிடைக்கிறது. குதித்துப் பழகாத கால் அங்கே போட்டியில்தான் முதன்முதலாகக் குதிக்கிறது.

எலும்பின் அமைப்பை மாற்ற முடியாது. தரையிறங்கும் விதத்தை மாற்றலாம். என் மையத்தில் 20 சென்டிமீட்டர் உயரப் படி ஒன்றை நிலைக்கண்ணாடி முன் போட்டிருக்கிறேன். பிள்ளை அதன்மேல் ஒற்றைக்காலில் நின்று, மற்றக் குதிகால் தரையைத் தொடும் வரை மெல்ல இறங்க வேண்டும். நன்றாக ஸ்மாஷ் அடிக்கும் பிள்ளைகள்கூட இதில் தடுமாறுகிறார்கள்: முழங்கால் கட்டைவிரலைத் தாண்டி உள்ளே சாய்கிறது, இடுப்பு மறுபக்கம் இறங்குகிறது. இதை வீட்டு மாடிப்படியில் வைத்தே, கைப்பேசியில் மெதுவோட்டப் படமாக எடுத்துப் பார்க்கலாம். சாய்கிறது என்றால் இடுப்பின் வெளிப்புறத் தசைக்கும் தொடையின் பின்தசைக்கும் பயிற்சி தேவை. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், பயிற்சிக்கு முன் கால் மணி நேரம் இத்தகைய பயிற்சிகளைச் செய்தால் ஏ.சி.எல். காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைவதாக, பெண்கள் ஆடும் குழு விளையாட்டுகளில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் கோர்ட்டுக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுக்கும் பெற்றோருக்கு, அந்தக் கால் மணி நேரம் பந்து தொடாமல் போவது வீணாகத் தெரிகிறது. பயிற்சியாளரைக் கேட்டால் பெற்றோரைக் காட்டுகிறார்.

காலணி பற்றிச் சுருக்கமாக: தடித்த குதிகால் வைத்த ஓட்டக் காலணி ஷட்டிலுக்கு ஆகாது, பக்கவாட்டில் திரும்பும்போது கணுக்கால் கவிழும். கால் வளர்கிறதே என்று ஒரு அளவு பெரிதாக வாங்குவது அதைவிட மோசம்.

ஆட்டத்தின் அளவையும் கணக்கில் வைக்க வேண்டும். 2017 கிளாஸ்கோ உலகப் போட்டியின் இறுதியில் சிந்துவும் ஒகுஹாராவும் 110 நிமிடம் ஆடினார்கள். அதில் ஒரே புள்ளிக்கு 73 அடிகள். அந்த அளவு ஆட்டத்தை அவர்கள் பல ஆண்டுகள் உடலைக் கட்டிய பிறகு, ஒரு நாளைக்கு ஒரு போட்டி என்று ஆடுகிறார்கள். இங்கே வார இறுதிப் போட்டிகளில் ஒரே பிள்ளை 15 வயதுக்குட்பட்டோர், 17, 19 என்று மூன்று பிரிவுகளிலும் பெயர் கொடுத்து, இரட்டையரையும் சேர்த்து ஒரே நாளில் ஐந்தாறு முறை களமிறங்குகிறாள். மாலையில் களைத்த கால்தான் தவறாகத் தரையிறங்கும்.

தந்தையை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, தாயையும் மகளையும் வைத்துக்கொண்டு நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? மூன்று மாதத்துக்கு மேல் நின்றுபோயிருந்தால், விளையாடுகிற பிள்ளைக்கு அப்படித்தான் என்று விட்டுவிடக் கூடாது. செலவழிக்கும் ஆற்றலுக்கு ஈடாக உணவு போகவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளம். எலும்பு வலுவிழந்து, நுண்ணிய விரிசல்கள் வர அது வழி வகுக்கும். காலையில் ஐந்து மணிப் பயிற்சிக்கு ஒரு டம்ளர் காபியோடு ஓடி, பள்ளி இடைவேளையில் பிஸ்கட் சாப்பிட்டுச் சமாளிக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர்.

பாரிஸ் பாராலிம்பிக்கில் பெண்கள் ஒற்றையரில் துளசிமதி முருகேசன் வெள்ளியும், மனிஷா ராமதாஸும் நித்யஸ்ரீ சிவனும் வெண்கலமும் வாங்கி வந்த பிறகு, நம் பிள்ளையும் அங்கே போவாள் என்ற நம்பிக்கை வீடுகளில் கூடியிருப்பதை நேரில் பார்க்கிறேன். அந்த நம்பிக்கையோடு சேர்ந்து வருவது அவசரம். "மரின் எட்டு மாசத்துக்குள்ள திரும்பி வந்து சீனா ஓப்பன் ஜெயிச்சாங்களே மேடம்" என்று பண்ருட்டிப் பிள்ளையின் அப்பா கணக்கோடு வந்தார். உண்மைதான், 2019 செப்டம்பரில் ஜெயித்தார். ஆனால் ஒவ்வொரு நாளும் உடனிருந்து பார்த்துக்கொள்ள அவருக்கு ஒரு குழுவே இருந்தது. அந்த வலது முழங்கால் பின்னர் என்ன ஆனது என்பதையும் பாரிஸில் பார்த்தோம். ஒன்பது மாதத்துக்கு முன் களத்துக்குத் திரும்புவோருக்கு மீண்டும் காயம் வரும் வாய்ப்பு கணிசமாகக் கூடுகிறது. மாதக் கணக்கு நிறைந்தால் மட்டும் போதாது. ஒற்றைக்காலில் தாண்டும் தூரமும் தொடையின் வலுவும் நல்ல காலின் 90 விழுக்காட்டையாவது எட்ட வேண்டும்.

அந்தப் பிள்ளைக்கு முதலில் ஐந்து வாரம் பயிற்சி கொடுத்து, வீக்கம் வடிந்து கால் முழுதாக நீண்ட பிறகே அறுவைச் சிகிச்சைக்கு அனுப்பினோம். இப்போது எட்டாம் மாதம். போன வாரம் அளந்ததில் தாண்டும் தூரம் 84 விழுக்காடு வந்தது. மட்டையைக் கையில் கொடுத்திருக்கிறேன். நின்ற இடத்திலிருந்து அடிக்கலாம், இடது பின்மூலைக்குப் போகக் கூடாது என்பது ஏற்பாடு. பாட்டி கோர்ட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைக் கண்காணிக்கிறார். அடுத்த அளவெடுப்பு மாதக் கடைசியில்.