மறுகா அது எங்க போகும்?

மட்டக்களப்பில், கல்லடியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, மலசலகூடத்திலிருந்து வெளியே வந்த மருமகள் ஈரக் கையோடு வந்து நின்றாள். "மாமா, தண்ணி ஊத்தினா உள்ள போயிருது. மறுகா அது எங்க போகும்?"

"குழிக்கு."

"குழிக்குள்ள இருந்து?"

எட்டு வயது. நான் படித்த காலத்தில் சமிபாட்டுப் பாடம் குதத்தோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் என்ன நடக்கிறது என்று ஆசிரியரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பீ என்ற சொல்லைக் கேட்டாலே பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எவ்வளவு விஞ்ஞானத்தையும் சொல்லிவிடலாம்.

'கக்கூசு' என்ற சொல்லிலிருந்தே தொடங்கினேன். 1638 இல் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தார்களே ஒல்லாந்தர், அவர்கள் மொழியில் 'கக்' என்றால் மலம், 'ஹுய்ஸ்' என்றால் வீடு. பீ வீடு! அவள் சிரித்து முடிக்க நேரமெடுத்தது.

பிறகு பூக்கன்றுக்குத் தண்ணீர் விடும் குழாயில் ஒரு துண்டை வெட்டி, நடுவே கீழ்நோக்கி வளைத்து, அரைக் கோப்பைத் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் அந்த வளைவிலேயே தங்கிவிட்டது. ஒரு நுனியில் ஊதுபத்திப் புகையைக் காட்டினால், மறு நுனியால் அது வரவில்லை. மேலும் தண்ணீர் ஊற்றினால் பழையது வழிந்து போகிறது, புதியது வளைவில் நிற்கிறது. மலசலகூடக் கோப்பைக்குக் கீழே இருப்பதும் இதே வளைவுதான். 1596 அளவில் இங்கிலாந்தின் ஜோன் ஹரிங்டன் தண்ணீர் அடித்துக் கழுவும் மலசலகூடம் ஒன்றைச் செய்தார். அதில் வளைவு இல்லை, ஆகவே போன நாற்றம் போன வழியே திரும்பி வந்தது. வளைந்த குழாய் வைத்த மலசலகூடத்துக்கு 1775 இல் காப்புரிமை வாங்கியவர் அலெக்சாண்டர் கம்மிங். அவர் தொழில் மணிக்கூடு செய்வது.

நாற்றத்தைத்தான் இந்த வளைவு மறிக்கும். நோயை மறிக்கும் வேலை குழிக்கும் மண்ணுக்கும் உரியது.

மலத்தில் நான்கில் மூன்று பங்கு தண்ணீர். எஞ்சியதில் கணிசமான பகுதி பற்றீரியாக்களின் உடல்கள். ஒழுங்காகக் கட்டிய தொட்டியில் கனமானது அடியில் சேறாகப் படியும், கொழுப்பு மேலே ஆடையாக மிதக்கும். ஒட்சிசன் வேண்டாத பற்றீரியாக்கள் உள்ளே இருந்து சேற்றைத் தின்று மெதேன் போன்ற வாயுக்களை விடும். இடையில் நிற்கும் கலங்கல் நீர் வெளியேறி ஊறல் குழி வழியாக மண்ணுக்குள் இறங்கும். தின்று தீராத சேற்றைத்தான் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கலி பவுசர் என்னும் தாங்கி வண்டி வந்து உறிஞ்சிக்கொண்டு போகிறது. பல வீடுகளில் தொட்டி என்று சொல்வது அடி திறந்த கொங்கிறீட்டு வளையங்களைத்தான். அங்கே எல்லா வேலையும் மணலின் தலையில்.

மணலால் எவ்வளவு முடியும்? ஒரு பழைய தயிர் முட்டியின் அடியில் ஆணியால் துளை போட்டோம். துணித்துண்டு ஒன்றை வைத்து, நாலைந்து தரம் அலசிய முற்றத்து மணலை நிரப்பி, சேற்றுத் தண்ணீரை ஊற்றினோம். கீழே சொட்டியது ஏறக்குறையத் தெளிவு. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. அடுத்து நல்ல தண்ணீரில் உப்பைக் கரைத்து ஊற்றச் சொன்னேன். அதுவும் தெளிவாகத்தான் வந்தது. நாக்கில் ஒரு சொட்டு வைத்தாள். "உப்புக் கரிக்குது மாமா!"

இந்த இரண்டு ஊற்றலுக்குள் முழு விஷயமும் இருக்கிறது. கிருமிகள் சேற்றைப் போல: மணலின் இடுக்கில் சிக்கும், துகள்களில் ஒட்டும், நாட்கள் போகச் சாகும். பற்றீரியாவைவிடப் பன்மடங்கு சிறிய வைரசுகள் இன்னும் தூரம் போகும். மலசலத்திலுள்ள நைதரசன் உப்பைப் போல. அது முதலில் அமோனியாவாகிறது. காற்றோட்டமுள்ள மண்ணில் பற்றீரியாக்கள் அதை நைத்திரேற்றாக மாற்றிவிடும். கரைந்த நைத்திரேற்றை மணல் பிடித்து வைக்காது, அது நிலத்தடி நீரோடு கிணற்றுக்கு வரும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்றோ தண்ணீர் ஆவியாக ஆகச் செறிவுதான் கூடும். ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளை மனத்தில் வைத்து வகுத்த அளவு அது: மிகுந்தால் அவர்களின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குறைந்து உடல் நீலம் பாரிக்கும்.

கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 50 அடி விடச் சொல்வது, உண்மையில் கிருமிக்குச் சாக அவகாசம் கொடுப்பதற்கு. ஜேர்மனியில் இதை நேரடியாக நாளிலேயே கணக்கிடுகிறார்கள்: குடிநீர்க் கிணற்றின் உட்பாதுகாப்பு எல்லை, நிலத்தடி நீர் கிணற்றை அடைய 50 நாள் எடுக்கும் தூரம். களிமண்ணில் ஊர்ந்து போகும் தண்ணீர் நம் கரையோர மணலில் நடந்தே போய்விடும். மாரியில் இன்னும் மோசம். வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் இந்த ஒடுங்கிய நிலத்தில் நிலத்தடி நீர் மேலேறிக் குழியின் அடியைத் தொட்டுவிடும். மணல் இடுக்கெல்லாம் முன்னமே தண்ணீர் நிரம்பியிருக்க, குழிநீருக்கு இறங்க இடமேது? மார்கழியில் வாளி வாளியாக ஊற்றியும் கோப்பையில் தண்ணீர் இறங்காமல் நிற்பது அதனால்தான். அடைப்பு என்று நினைத்துக் கம்பி விட்டுக் குத்திக்கொண்டிருப்போம்.

அக்காவின் காணி 10 பேர்ச். ஒரு பேர்ச் 272 சதுர அடி. சதுரமாக வெட்டியிருந்தால் பக்கத்துக்கு 52 அடி. மருமகள் அளவு நாடாவை எடுத்துவந்தாள். கிணற்றிலிருந்து எங்கள் குழிக்கு 47 அடி. "மூணு அடிதான் குறையுது" என்று கணக்குச் சொல்லி நாடாவைச் சுருட்டியவள், பின் மதிலைப் பார்த்ததும் நின்றாள். மதிலுக்கு அப்பால், பக்கத்து வீட்டு மலசலகூடத்தின் காற்றுக்குழாய் தலை நீட்டிக்கொண்டு நின்றது. நாடாவின் நுனியை என்னிடம் தந்துவிட்டு, கிணற்றிலிருந்து மதில் வரை இழுத்துக்கொண்டு போனாள்.

"இருபத்தொண்டு, மாமா."