ஊற்றுநீரின் வரவும் ஊரின் செலவும்

ஓர் ஊற்று ஒரு சிற்றூருக்குப் போதுமா என்று அறிய, அதில் தண்ணீர் எவ்வளவு வருகிறது என்பதோடு எப்போது வருகிறது என்பதும் தெரிய வேண்டும். மழை ஓய்ந்த கையோடு பொங்கி வழியும் ஊற்றைப் பார்த்து வீட்டு இணைப்புகளின் எண்ணிக்கையை முடிவு செய்தால், கோடையின் கடைசி மாதத்தில் ஊர் காலிக்குடத்துடன்தான் நிற்கும். எனவே கணக்கை மிகக் குறைந்த வரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஊற்றுநீர் முழுவதையும் ஒரே குழாய்க்குத் திருப்பி, 20 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பார்த்தால் போதும். 100 வினாடி ஆனால் நிமிடத்துக்கு 12 லிட்டர்; ஒரு நாளைக்கு 17,280 லிட்டர். தலைக்கு 50 லிட்டர் வீதம் 300 பேருக்கு வேண்டியது 15,000 லிட்டர் என்பதால், ஏட்டுக் கணக்கில் தண்ணீர் மிஞ்சவே செய்கிறது.

ஆனால் ஊற்று இரவும் பகலும் ஒரே சீராகச் சுரக்கிறது. ஊரோ காலையில் மொத்தமாகக் கேட்கிறது. அன்றாடத் தேவையில் 40 விழுக்காடு, அதாவது 6,000 லிட்டர், காலை 6 மணி முதல் 8 மணிக்குள் எடுக்கப்படுவதாகக் கொண்டால், அந்நேரத்தில் ஊற்று தருவது 1,440 லிட்டர்தான். மீதி 4,560 லிட்டருக்கு, முந்தைய இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை சுரந்து வீணே ஓடையில் சேரும் 6,480 லிட்டரைத் தொட்டியில் பிடித்து வைத்தால் போதும்.

தொட்டியை எங்கே வைப்பது என்பதில் ஒரு கண்ணி உண்டு. ஊற்றுக்கண்ணைச் சுற்றிக் கட்டும் பெட்டியில், உபரிநீர் வெளியேறும் குழாய் ஊற்று இயல்பாகப் பீறிடும் மட்டத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும். பெட்டியில் நீர் அதற்கு மேல் ஏறி நின்றால் அதன் எடை ஊற்றுக்கண்ணை எதிர்த்து அழுத்த, நீர் பாறை இடுக்குகளில் வேறு வழி தேடிப் போய்விடக்கூடும். போன நீரைத் திருப்பிக் கொண்டுவருவது எளிதன்று. சேமிப்புத் தொட்டியைத் தனியாகச் சற்றுத் தாழ்வில் கட்டுவதே நல்லது.

பருவகாலப் பற்றாக்குறை வேறு வகையைச் சேர்ந்தது. மழை நின்றபின் நிலத்தடியில் எஞ்சியிருக்கும் நீர் குறையக் குறைய, அதைத் தள்ளும் அழுத்தமும் தளர்ந்து வரத்து சரிகிறது. பிரெஞ்சுக் கணிதர் எட்மோன் மாயே 1905இல் எழுதிய சமன்பாட்டின்படி, சம கால இடைவெளிகளில் வரத்து சம விகிதத்தில் குறையும். 60 நாளுக்கொரு முறை பாதியாகும் ஊற்று நிமிடத்துக்கு 48 லிட்டரில் தொடங்கினால், 120 நாளில் 12 லிட்டருக்கும் 180 நாளில் 6 லிட்டருக்கும் இறங்கிவிடும். அந்தக் கடைசி இரண்டு மாதங்களில் சேரும் பற்றாக்குறை ஒன்றரை லட்சம் லிட்டரைத் தாண்டுகிறது. இரவுநீரைப் பிடிக்கும் தொட்டி இதற்கு எந்த மூலைக்கு?

இங்கே நிலத்துக்குள் இருக்கும் இருப்பைத்தான் கூட்ட வேண்டும். மழைநீர் எங்கே இறங்கி ஊற்றுக்கு வருகிறதோ அந்தப் பரப்பில் சமமட்ட அகழிகளையும் குழிகளையும் வெட்டினால், ஓடிப்போகும் நீர் நின்று மண்ணுக்குள் இறங்கும். ஆனால் அப்பரப்பு ஊற்றுக்கு நேர் மேலே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பாறை அடுக்குகள் எந்தப் பக்கம் சாய்கின்றனவோ அந்தப் பக்கமே நீரும் நகரும் என்பதால், அது மலைமுகட்டுக்கு அப்பால், வேறோர் ஊரின் மேய்ச்சல் நிலத்திலும் இருக்கலாம். அடுக்குகளின் சாய்வை அறியாமல் வெட்டிய அகழியின் நீர் அடுத்த பள்ளத்தாக்கின் ஊற்றுக்குப் போய்ச் சேர வாய்ப்புண்டு.

செலவுப் பக்கத்தில் முதலில் அடைக்க வேண்டியது கசிவு. நிமிடத்துக்கு அரை லிட்டர் ஒழுகும் ஒரே குழாய் நாளுக்கு 720 லிட்டரை, அதாவது 14 பேரின் பங்கை, இழக்கிறது. அதன்பிறகும் போதாதபோதுதான் முறைவைத்து நீர் விடுவது பற்றிப் பேச வேண்டும்.

அகழிகள் பலன் தருகின்றனவா என்பதற்குச் சான்று மழைக்கால வரத்தில் இல்லை. ஆண்டுதோறும் கோடையின் இறுதியில் அதே வாளி நிரம்பும் வினாடிகளில்தான் இருக்கிறது. நல்ல மழை பெய்த ஆண்டில் எந்த ஊற்றும் பெருகும் என்பதால், அந்த எண்ணுக்குப் பக்கத்தில் அவ்வாண்டின் மழையளவையும் எழுதி வைக்க வேண்டும்.