ஹீமோபிலியா உள்ளவருக்கு மாற்றுத்திறனாளி அட்டை எதற்கெல்லாம் உதவும்?

ஆற்காட்டில் இருக்கும் என் மாமா மகனுக்கு ஹீமோபிலியா, அதாவது ரத்தம் சரியாக உறையாத பிறவிக் கோளாறு. வயது 34. பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால், "நல்லாத்தானே இருக்கே, பெரியவருக்கு இடம் விடுப்பா" என்பார்கள். லுங்கியை மடித்துக் கட்டினால்தான் விஷயம் தெரியும். சின்ன வயதிலிருந்து மூட்டுக்குள்ளேயே ரத்தம் கசிந்து கசிந்து, வலது முட்டி வீங்கியே நின்றுவிட்டது. முழுதாக மடங்காது, நீளவும் நீளாது.

இவரைப் போன்றவர்களையும் மாற்றுத்திறனாளி என்று சேர்த்தது 2016-ஆம் ஆண்டுச் சட்டம். அதிலுள்ள 21 வகைகளில் ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய் மூன்றும் உண்டு. பழைய 1995 சட்டத்தில் ரத்தக் கோளாறு என்ற பேச்சே இல்லை.

ஆதார், முகவரிச் சான்று, போட்டோ, மருத்துவ ரிப்போர்ட் வைத்து யுடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததை மறக்க வேண்டாம். ஆற்காடு, வாலாஜாக்காரர்களுக்கு இப்போது ராணிப்பேட்டை; ஆம்பூர், வாணியம்பாடிக்குத் திருப்பத்தூர். பழைய ஞாபகத்தில் வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸுக்கு வண்டி ஏறிவிடாதீர்கள்.

சரி, அட்டை வந்துவிட்டது. அப்புறம் பார்க்க வேண்டியது, சான்றிதழில் போட்டிருக்கும் குறைபாட்டின் சதவீதம். 40-ஐத் தொட்டால்தான் பெரிய சலுகைகள். அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடஒதுக்கீடும், சேர்வதற்கு 5 வருட வயது தளர்வும் உண்டு. ஆனால் அரசு வேலைக்கான 4 சதவீத ஒதுக்கீட்டுப் பட்டியலில் ரத்தக் கோளாறுகள் இல்லை. பலர் ஏமாறுவது இங்கேதான். கை கால் இயக்கக் குறைபாடு அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதனால் முட்டி, முழங்கை கெட்டுப்போனவர்கள், மூட்டு அசைவையும் எலும்பு மருத்துவர் அளந்து சான்றிதழில் எழுதச் சொல்லிக் கேட்பது நல்லது. எக்ஸ்ரேயும் கையோடு இருக்கட்டும். ரத்தத்தில் ஃபேக்டர் (ரத்தத்தை உறைய வைக்கும் புரதம்) அளவு பிறவியிலேயே அமைந்தது. அந்த அளவு 1 சதவீதத்துக்குக் கீழே என்றால் தீவிர வகை. மூட்டுச் சேதமோ வயதோடு கூடும். பத்து வயதில் வாங்கிய சான்றிதழ் முப்பத்தைந்து வயது முட்டியைப் பற்றி என்ன சொல்லும்? மறுமதிப்பீடு கேளுங்கள்.

ஃபேக்டர் ஊசி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. வேலூருக்கு அது அடுக்கம்பாறை.

ரயில் சலுகை தனிக் கதை. காட்பாடி கவுண்டரில் அட்டையை மட்டும் நீட்டினால் வேலை நடக்காது. ரயில்வேயின் படிவத்தில் மருத்துவமனை கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். தீவிர, மிதமான வகை ஹீமோபிலியாவுக்கும், துணைக்குப் போகும் ஒருவருக்கும் ஸ்லீப்பரிலும் ஏசி மூன்றடுக்கிலும் 75 சதவீதம் குறையும். அதுவும் சிகிச்சைக்கோ செக்கப்புக்கோ போனால் மட்டும். மச்சான் கல்யாணத்துக்கு முழு டிக்கெட்தான்.